கம்பத்தில் எதையும் கட்டாதீர்

மின்கம்பம் சாய்வதென்றால் நடுவில் ஒடிந்து சாயும் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷாஹிராவிடம் போய் அப்படிச் சொல்லிவிட்டால் லேசில் தப்பிக்க முடியாது. எதிரே ஐஸ் கச்சாங் கிண்ணம் இருந்தால் கரண்டியை அதில் நட்டுவைத்து, விரலால் அதன் தலையைத் தள்ளிக் காட்டுவாள். "பாத்தியா? கரண்டி வளையலெ. ஐஸ்தான் வழிவிடுது" என்பாள். காற்று கம்பத்தின் தலையில் தள்ளுகிறது. கம்பம் மண்ணுக்குள் இருக்கும் காலை ஊன்றிக்கொண்டு எதிர்த்து நிற்கிறது. மண் கெட்டியாக இருந்தால் பிழைக்கும், இளகினால் சாயும். இவ்வளவுதான் சங்கதி. அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஐஸ் கரைந்து வெறும் சிரப்பாகிவிடும் என்பது வேறு விஷயம்.

ஷாஹிரா கட்டுமானப் பொறியாளர். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், லெபோ பந்தாய்த் தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கும் சின்ன ஆலோசனை நிறுவனத்தில் வேலை. கட்டடம், பாலம் என்று மற்றவர்கள் பெருமையடித்துக்கொள்ளட்டும், அவளுக்கு வாய்த்தது கம்பங்களின் அஸ்திவாரம். அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. சொல்லப்போனால் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. கண்ணுக்குத் தெரியாத வேலை, யாரும் பாராட்டப் போவதில்லை, ஆனால் அது சரியில்லாவிட்டால் ஒரு மழைக்கு ஊரே இருட்டாகிவிடும். இந்த வருடம்தான் அவளுக்குப் பொறியாளர் உரிமம் கிடைத்திருந்தது. இனி வரைபடத்தில் அவளே தன் பெயரில் முத்திரை குத்தலாம். அந்த முதல் முத்திரை ஜெலுத்தோங் கடலோரச் சாலையில் வரப்போகும் புதுக் கம்பங்களுக்கு விழவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

அந்தச் சாலையில்தான் அவள் குடும்பம் குடியிருக்கும் அடுக்குமாடி இருக்கிறது. கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். மேலே ஓர் ஆள் உயரத்துக்குக் கொட்டிய மண், அதற்குக் கீழே கடல் சேறு, அதுவும் நோன்புக் கஞ்சிப் பதத்தில். இந்த லட்சணத்தில் உள்ள மண்ணில் கம்பத்தை எப்படி நிறுத்துவது என்று அலுவலகத்தில் இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சி மார்க். ஷாஹிராவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவன், அவளோடு சண்டை போடாவிட்டால் அவனுக்கு மத்தியானச் சாப்பாடு செரிக்காது. ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு பெரிய கான்கிரீட் கட்டியைப் புதைத்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. ஷாஹிரா அதற்கு யானைக்கால் என்று பெயர் வைத்தாள். நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் அதைப் புதைக்கச் சாலையில் பாதியைத் தோண்டவேண்டும், ஓரத்து மரங்களின் வேரை வெட்டவேண்டும், பஸ்ஸெல்லாம் மாதக்கணக்கில் ஊரைச் சுற்றவேண்டும்.

ஷாஹிராவின் கம்பத்துக்குக் கால் ஒல்லி. மண்ணுக்குள் மட்டும் இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல் இரண்டு கான்கிரீட் சிறகுகள். கம்பம் சாயப் பார்த்தால் அந்தச் சிறகுகள் சேற்றை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். குழி சின்னது, மரம் தப்பிக்கும், சாலையை மூடவேண்டாம்.

"சேத்துல கொக்கு நிக்குது பாரு" என்றான் மார்க், வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"கொக்கு எங்கயாச்சும் விழுந்து பாத்திருக்கியா?" என்றாள் ஷாஹிரா.

கொக்கு விழாமலிருக்க ஒரு நிபந்தனை இருந்தது. கம்பம், அதன் மேல் ஓடும் கம்பிகள், இவற்றின் மேல் வீசும் காற்று, இந்தக் கணக்குக்கு மட்டும்தான் அவள் அந்தக் காலை அளவெடுத்து வெட்டியிருந்தாள். யாராவது ஒரு பேனரைக் கட்டினால் அது பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும், கணக்கு உதைக்கும். ஆகவே வரைபடத்தின் மூலையில் தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினாள். கம்பத்தில் எதையும் கட்டக் கூடாது.

நிறுவன முதலாளி லாரன்ஸ் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெனாங்குலயா?" என்று மட்டும் கேட்டார்.

"ரூல் ரூல்தான் பாஸ்" என்றாள் ஷாஹிரா. அவருக்கு வேலை சீக்கிரம் முடிந்தால் போதும். விட்டுவிட்டார்.

மின்சார நிறுவனத்தின் சார்பில் இதைத் தீர்மானிக்க வேண்டியவர் ஷாருல் என்ற அதிகாரி. சிரிப்பை மிகவும் சிக்கனமாகச் செலவழிக்கிற மனிதர். இரண்டு வரைபடத்தையும் பார்த்தவர், கொக்குக்கால் கம்பம் ஒன்றை முதலில் நட்டுப் பார்ப்போம் என்றார். மின்சாரம் ஏற்றாத வெறும் கம்பிகளை இழுத்துக் கட்டி, காற்றுக் காலம் முழுக்க அது எவ்வளவு சாய்கிறது என்று அளப்பது. சாய்வு எல்லைக்குள் இருந்தால் சாலை முழுக்க ஷாஹிராவின் கம்பம். எல்லை தாண்டினால் யானைக்கால். ஷாஹிராவின் வீட்டு வாசலிலேயே இடம் பார்த்துக் கம்பத்தை நட்டார்கள், அவள் தினமும் கண்காணிக்க வசதியாக இருக்கட்டும் என்று. கம்பத்தின் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. சாய்வை அளந்து அவளுடைய கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அன்றிலிருந்து ஷாஹிராவின் பாடு பெரும்பாடாகிவிட்டது. காற்றைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, காற்று ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போனது. மனிதர்கள்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. டியூஷன் விளம்பரத்தைக் கட்ட ஏணியோடு ஒருவர் வந்தார். மூன்றாம் மாடி அக்கா ஒருத்தி துணிக்கயிற்றின் ஒரு முனையை மரத்திலும் மறுமுனையைக் கம்பத்திலும் கட்டி போர்வை உலர்த்தினாள். சாயங்காலத்தில் பேட்மிண்டன் வலை முளைத்தது. காணாமல்போன பூனையின் படத்தைக்கூட ஷாஹிரா விடவில்லை. "பூனை என்னம்மா பாரம்?" என்று பூனைக்காரர் கேட்டதற்கு, "இன்னிக்குப் பூனெ, நாளைக்குப் பூனையத் தேடுறவனுக்கு மேளம்" என்றாள். அடுக்குமாடியில் அவளுக்குத் தியாங் போலீஸ் என்று பெயர் வந்துவிட்டது. கம்பத்தைத் தியாங் என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்ததற்குப் பலனும் இருந்தது. காற்றுக் காலம் முடியப்போகிறது, சாய்வு எல்லைக்குப் பாதிகூட வரவில்லை. திங்கட்கிழமை காலையில் ஷாருல் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய தம்பி அஃபிக்கின் கல்யாண விருந்து.

நிக்காஹ் பெண் வீட்டுப் பக்கம், கடலுக்கு அக்கரையில் நிபோங் திபாலில் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டு விருந்து, அடுக்குமாடிக்கு எதிரே கார்கள் நிறுத்தும் இடத்தில், கெமா போட்டு. கூடாரத்துக்கு அங்கே அதுதான் பெயர். விருந்தின் தளபதி அவர்களுடைய அக்கா ரோஹானா. ஆயர் ஈத்தாமில் சேலைக் கடை வைத்திருப்பவள். கையில் இரண்டு கைப்பேசி, வாயில் நிற்காத உத்தரவு. அவள் ஏவினால் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது, ஷாஹிராவைத் தவிர.

"அக்கா, கெமா போடுறப்ப என்னோட தியாங்ல ஒரு கயிறுகூடப் படக் கூடாது. திங்கக்கிழமெ எனக்கு டெஸ்ட்."

"ஐயோ தெரியும்லா! எத்தனெ தடவெ சொல்லுவே? நான் தொடவே மாட்டேன், போதுமா?"

தார் போட்ட தரையில் முளை அடிக்க முடியாது. அதனால்தான் பினாங்கில் கூடாரக்காரர்கள் பக்கத்தில் நிற்கும் கம்பத்தைக் கண்டதும் கயிற்றை வீசிக் கட்டிவிடுவார்கள், அது வழிவழியான பழக்கம். ரோஹானா அந்தப் பழக்கத்தையே மாற்றிக் காட்டினாள். கூடாரக்காரர் ஹக்கீமிடம் சொல்லி, தொங் என்று சொல்லும் நீலப் பீப்பாய்களை வரவழைத்து, ஒவ்வொன்றிலும் முட்ட முட்டத் தண்ணீர் நிரப்பி, கூடாரத்துக் கயிறுகளை அவற்றில் கட்டவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷாஹிரா இறங்கி வந்து பார்த்தபோது மஞ்சளும் வெள்ளையுமாகக் கூடாரம் கட்டி முடித்தாகியிருந்தது. பீப்பாயில் தட்டிப் பார்த்தாள், கனமாகச் சத்தம் வந்தது. அவளுடைய கம்பம் யாரும் தீண்டாமல் தனியாக நின்றது. அக்காவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சவேண்டும் போலிருந்தது. நிம்மதியாகப் பட்டுச்சேலை கட்டிக்கொள்ள மேலே போனாள்.

பெண் வீட்டார் இரண்டு பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி வந்து இறங்கினார்கள். பன்னீர் தெளித்தாகிவிட்டது, ரோஜா சிரப் கண்ணாடிக் குவளைகளில் நிறைந்தாகிவிட்டது, பிரியாணித் தேக்சாக்களின் மூடி திறந்ததும் பாதி ஜனத்துக்குப் பேச்சு நின்றுபோனது. ஷாஹிரா தட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை நடந்தாள். சம்பந்தி வீட்டுப் பெரியம்மா ஒருத்தி அவளை உட்காரவைத்து, "நீ என்னம்மா வேலெ பாக்குறே?" என்று கேட்டாள். ஷாஹிரா சொன்னாள். "கம்பத்துக்குக் காலா!" என்று அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டாள். ஷாஹிரா கரண்டியைத் தேட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் வெளிச்சம் மாறியது. கொடிமலையின் மேல் கரேலென்று மேகம் குவிந்து, நகரத்தின் கூரைகளுக்கு மேலாக வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. பினாங்குக்காரர்களுக்கு இது புதிதல்ல, சுமத்ராப் பக்கமிருந்து வருகிற காற்று, கால் மணி நேரம் ஆடிவிட்டுப் போய்விடும். முதல் வீச்சிலேயே காகிதத் தட்டுகள் பறந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டாவது வீச்சுக்குக் கூடாரத்தின் தலை புசுக்கென்று உப்பியது.

பீப்பாய் இருக்கிறது என்ற தைரியத்தில் ஷாஹிரா திரும்பிப் பார்த்தாள். காற்றுப் பக்கத்து மூலையில் இருந்த நீலப் பீப்பாய் தரையில் உருண்டு வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அதைப் பிடித்தாள். அது வெறும் பிளாஸ்டிக் டப்பா எடைதான் இருந்தது.

"அக்கா! தொங்ல தண்ணி எங்கே?"

ரோஹானா சமையல்காரர்களின் பக்கம் கையைக் காட்டினாள். காலையில் அடுக்குமாடிக் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. அரிசி களையவும் தட்டுக் கழுவவும் சமையல்காரர்கள் தண்ணீர் கேட்டு அவளைப் பிய்த்தெடுத்தார்கள். பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் சும்மா நிற்கிறதே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று தளபதி தாராளமாக உத்தரவு போட்டுவிட்டாள். கூடாரத்தைத் தரையோடு பிடித்துவைத்திருந்த பாரம் முழுவதும் இப்போது பிரியாணியாகவும் கழுவிய தட்டாகவும் மாறிப்போயிருந்தது.

மூன்றாவது வீச்சில் அந்த மூலையின் இரும்புக் கால் தரையைவிட்டு எழும்பியது. ஹக்கீம் ஒரு கயிற்றில் தொங்கினார். மாப்பிள்ளைக் கோலத்தில் அஃபிக் ஓடிவந்து இன்னொரு காலைக் கட்டிக்கொண்டான். உள்ளே பெரியவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே தடுமாறிக்கொண்டிருந்தார்கள், மேசைக்கடியில் பிள்ளைகள் புகுந்துகொண்டார்கள், மேடையில் மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால் இன்னொரு முழம் எழும்பினால் மொத்தக் குழாய்ச் சட்டமும் இவர்கள் தலைமேல்தான் இறங்கும். அறுந்துபோன கயிற்றின் முனை ஷாஹிராவின் முகத்துக்கு நேரே சாட்டையாக வீசிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துவிட்டாள். கட்டுவதற்கு இடம் தேடினாள். கார்களை எல்லாம் விருந்துக்காக அப்புறப்படுத்தியிருந்தார்கள். மரம் எட்டாத தூரம். கைக்கெட்டிய தூரத்தில் ஒன்றே ஒன்றுதான் நின்றது.

அவளுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. நன்றாகத் தெரிந்தது. இது அந்தக் கால் தாங்கக் கணக்குப் போட்ட பாரம் அல்ல, நாளை ஷாருல் வருகிறார், இத்தனை வாரக் காவலும் போச்சு, எல்லாம் ஒரே நொடியில் தெரிந்தது. அடுத்த நொடி கயிற்றைக் கம்பத்தில் மூன்று சுற்றுச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டாள்.

கூடாரம் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. நின்ற வேகத்தில் கம்பம் முனகியது. நெஞ்சு உயரத்தில் கட்டியிருந்தாள், அந்த உயரத்தில் இழுக்க இழுக்கக் கம்பம் மெல்ல மெல்லக் கூடாரத்தின் பக்கம் சாய்வதைப் பார்க்கவே முடிந்தது. அதன் காலடியில் தார் விரிசல் விட்டு, கறுப்பாகச் சேற்றுத் தண்ணீர் கொப்பளித்தது. அதற்குள் ரோஹானா இன்னொரு கயிற்றை இழுத்துக்கொண்டு மழையில் ஓடிவந்தாள்.

"எங்கெ கட்டணும்? நான் தொட மாட்டேன்னு சொன்னேன்ல!"

"தொடு! தொடு! ஆனா கீழே கட்டு! தரையோட கட்டு!"

இரண்டு பேரும் பட்டுச்சேலையோடு தண்ணீரில் மண்டியிட்டார்கள். கம்பத்தின் கணுக்காலில் இரண்டாவது கயிற்றைச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்துக் கட்டினார்கள். இழுப்பு இந்தக் கயிற்றுக்கு மாறியது. மேல்கயிறு தளர்ந்து தொங்கியது. கம்பம் அதற்குமேல் சாயவில்லை.

வந்த வேகத்திலேயே காற்று கடல்பக்கம் போய்விட்டது. வெயில் எட்டிப் பார்த்தது. ஒருவர் தலையிலும் ஒரு குழாயும் விழவில்லை. மணப்பெண்ணின் முக்காடு நனைந்ததோடு சரி. நனைந்த ஜனம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது. பிரியாணிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் இன்னும் சத்தமாகச் சிரித்தது. அஃபிக் அக்காமார் இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டான், புதுச் சட்டை முழுக்கச் சேறானது. ஷாஹிராவும் சிரித்தாள், தம்பியின் தோளில் முகத்தை வைத்துக் கொஞ்சம் அழவும் செய்தாள். பிறகு ஒதுங்கிப்போய்க் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். சாய்வு எல்லையைத் தாண்டியிருந்தது. காற்று போனபிறகும் கம்பம் நிமிரவில்லை.

சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே அவள் யோசித்தாள். மனது கனத்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்குக் கோபம் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது? துணி உலர்த்தியவள்மேல் கோபப்பட்டாள், பூனைக்காரர்மேல் கோபப்பட்டாள். கடைசியில் குறிப்பு எழுதியவளே கட்டினாள். திரும்ப அந்த நொடி வந்தால் திரும்பவும் கட்டுவாள். அவளே மதிக்காத குறிப்பை வேறு யார் மதிக்கப் போகிறார்கள்?

மறுநாள் காலையில் ஷாருல் வருவதற்கு முன்பே லாரன்ஸும் மார்க்கும் கம்பத்தடிக்கு வந்துவிட்டார்கள். லாரன்ஸ் ரொம்பச் சுலபமாக முடித்துவிடப் பார்த்தார். "இது ஒரு மேட்டரே இல்லெ. கட்டக் கூடாதுன்னு டிராயிங்லயே போட்டிருக்கோம். ஞாயித்துக்கிழமெ ரீடிங்க கணக்குலேந்து எடுத்துரு. மீதி எல்லாம் எல்லைக்குள்ளதானே இருக்கு."

"பாஸ் சொல்றது சரிதான்" என்றான் மார்க். எதிர்க்கட்சிக்காரன் இப்படிச் சொல்வான் என்று அவள் நினைக்கவில்லை. "ஒரு கெமாவால என் யானெ ஜெயிச்சா எனக்கு என்ன மரியாதெ? நீ அத எடுத்துரு ஷாஹிரா. உன் கணக்கு தப்பில்லெ."

அவன் சொன்னதில் பொய் இல்லை. கணக்கு தப்பில்லைதான். எடுத்துவிட்டால் இன்றைக்கே கையெழுத்து, இன்றைக்கே முத்திரை. ஒரு நிமிடம் அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது என்றே சொல்லவேண்டும். அதற்குள் ஷாருலின் கார் வந்து நின்றது. ஷாருல் இறங்கி, கண்ணைச் சுருக்கிக் கம்பத்தைப் பார்த்தார். ஒரு விரல்கனம் சாய்ந்திருந்தது. அவருக்கு அதெல்லாம் தப்பாது.

"என்ன ஆச்சு?"

லாரன்ஸ் தொண்டையைச் செருமினார். ஷாஹிரா முந்திக்கொண்டாள்.

"கெமாவக் கட்டிட்டோம் சார். நேத்து என் தம்பி கல்யாணம், காத்து அடிச்சுச்சு."

"கட்டக் கூடாதுன்னு போட்டிருந்துச்சே. யாரு கட்டுனா?"

"நான்தான் சார். எழுதுனதும் நான், கட்டுனதும் நான்."

ஷாருலின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "அப்ப அந்த ரீடிங்க விட்டுறலாமா?"

"வேணாம் சார். இந்த டிசைன் ஃபெயில்." சாய்ந்த கம்பத்தைத் தட்டிக் காட்டினாள். "மனுசங்க கட்டத்தான் செய்வாங்க. தலைக்கு மேல கூரெ பறக்கறப்ப யாரும் டிராயிங்கப் படிச்சுக்கிட்டு நிக்க மாட்டாங்க. அந்தக் குறிப்ப எடுத்துடறேன். கம்பத்த மாத்தறேன்."

பிறகு கைப்பேசியில் நேற்றைய வரைகோட்டைக் காட்டினாள். முதல் கயிறு கட்டியதும் கோடு மாடிப்படி ஏறுவதுபோல் ஏறியிருந்தது. இரண்டாவது கயிறு கட்டியதும் தட்டையாகப் படுத்துவிட்டது. அதே காற்று, அதே கூடாரம், அதே கம்பம். உயரத்தில் இழுத்தால் கம்பம் நெம்புகோலாகிவிடுகிறது, தரையோடு இழுத்தால் கால் தாங்கிக்கொள்கிறது. கட்டாதே என்று சொல்வதற்குப் பதிலாக இங்கே கட்டு என்று சொன்னால் என்ன? முழங்காலுக்குக் கீழே ஓர் இரும்பு வளையம் வைத்துவிட்டால் எந்தக் கூடாரக்காரரும் அதை விட்டுவிட்டு மேலே கட்டப்போவதில்லை, குனிந்து மாட்டுவது சுலபம். பேனர் கட்டுகிறவர்களுக்காகச் சிறகுகளைக் கொஞ்சம் நீட்டினால் போதும். குழி அப்படியொன்றும் பெரிதாகாது, மரமும் பிழைத்துக்கொள்ளும்.

ஷாருல் கோட்டை வெகுநேரம் பார்த்தார். "திரும்ப நட்டுத் திரும்ப டெஸ்ட் பண்ணணும்" என்றார். "இந்தத் தடவெ கெமாவோட."

முத்திரை தள்ளிப்போனது. ஷாஹிராவுக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் மறுநாள் கணக்கைத் திறந்து உட்கார்ந்தவள், சிறகை நீட்டினாள், வளையத்தை வரைந்தாள், மார்க்கோடு பழையபடி சண்டை போட்டாள். வளையம் துருப்பிடிக்கும் என்று அவன் சொன்னதை மட்டும் ஒப்புக்கொண்டு துத்தநாகம் பூசவைத்தாள்.

இரண்டாவது சோதனைக்கு ரோஹானா சும்மா இருப்பாளா? ஹக்கீமின் கூடாரத்தையே வரவழைத்தாள். புதுக் கம்பத்தின் வளையத்தில் கயிற்றை மாட்டி, மறுபக்கம் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி, அவற்றின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவளே காவலுக்கு உட்கார்ந்தாள். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, வெறும் கூடாரம், காற்று வருகிறவரை அப்படியே நிற்கட்டும் என்பதுதான் திட்டம்.

ஆனால் அடுக்குமாடிக்காரர்களுக்கு அது எப்படிப் புரியும்? கூடாரம் போட்டிருக்கிறது, அப்படியானால் ஏதோ விசேஷம். முதலில் மூன்றாம் மாடி அக்கா பிகூன் கோரெங் என்ற வறுத்த சேமியா ஒரு தட்டோடு இறங்கி வந்தாள். பூனைக்காரர் பூனை கிடைத்த சந்தோஷத்தில் ஒரு பெட்டி கரிபாப் பலகாரம் வாங்கிவந்தார். எதிர்க் கட்டடத்துச் சீனக் கிழவர் மேசையும் தேநீர்க் குடுவையும் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். நாற்காலிகள் எங்கிருந்தோ முளைத்தன. மத்தியானத்துக்குள் கூடாரத்தில் உட்கார இடமில்லை. சோதனையைப் பார்க்க வந்த ஷாருலையும் யாரோ உட்காரவைத்துவிட்டார்கள். லாரன்ஸ் இரண்டாம் தடவை கரிபாப் எடுத்துக்கொண்டிருந்தார். இது பரிசோதனை என்று ஷாஹிரா ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள், எல்லோரும் தலையாட்டிவிட்டு அவள் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்தார்கள்.

காற்று மூன்று மணிக்கு மேல் வந்தது. கூடாரம் உப்பியது, கயிறு விறைத்தது, வளையம் கிணுங்கியது. எல்லோர் பார்வையும் கம்பத்தின் மேல் போனது. ஷாஹிரா கைப்பேசியைப் பார்த்தாள். கோடு ஒரு தடவை நெளிந்தது, பிறகு படுத்துக்கொண்டது. காற்று ஓய்ந்ததும் கம்பம் பழைய இடத்துக்கே வந்து நின்றது. மார்க் கைதட்ட ஆரம்பித்தான், எதற்கென்று தெரியாமலே கூடாரம் முழுக்கக் கைதட்டியது. ஷாஹிராவுக்கு இவ்வளவு சந்தோஷம் கல்யாண வீட்டில்கூட வந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குத் தாள்களை ஷாருலிடம் நீட்டினாள்.

அவர் தட்டை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கம்பம் தாங்கவேண்டிய பாரங்கள் என்ற தலைப்பில் அவள் வரிசையாக எழுதியிருந்தாள். சொந்த எடை. கம்பிகள். காற்று. அதற்கு அடுத்து, கெண்டூரி. ஊரில் விருந்துக்கு அதுதான் பெயர், வேறு எப்படி எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஷாருலின் விரல் அந்த இடத்தில் நின்றது. நிமிர்ந்து கூடாரத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், சாலைக்கு அப்பால் இருக்கும் எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார்.

"தியாங் ஒண்ணுக்கு ஒரே ஒரு வளையந்தானா?" என்று கேட்டார்.

"ஆமா சார். ஒண்ணு பத்தாதா?"

"எப்படிப் பத்தும்?" என்றார் ஷாருல், பேனாவைத் திறந்துகொண்டே. "அந்தப் பக்கமும் ஒண்ணு வைங்க. அவுங்க வீட்லயும் கல்யாணம் வருமில்லெ."